பெயர் பொறித்த கல்

மார்ச் 4

என் வக்கீலம்மாவுக்கு,

பாட்டி எழுதுவது. நான் நன்றாகத்தான் இருக்கிறேன், முழங்கால்கள்தான் என்னோடு ஒத்துவரவில்லை. அதற்காக மாத்திரை அனுப்பாதே, போன தடவை அனுப்பியதே பிரிக்காமல் கிடக்கிறது. வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்றும் கேட்க மாட்டேன். நீ பொய் சொல்ல வேண்டியிருக்கும்.

போன வாரம் தையல்காரர் கடையில் உன்னைப் பற்றிப் பேச்சு வந்தது. வந்தது என்ன, நான்தான் இழுத்தேன். அவர் தன் மருமகளின் படிப்பைப் பற்றி அளந்துகொண்டே இருந்தார், எத்தனை நேரம் பொறுப்பது? "எங்க பேத்தி வக்கீல். சின்னப் பிள்ளைங்க மேல கை வச்சிட்டுப் பெரிய மனுஷன் வேஷம் போட்டுத் திரியறானுங்களே, அவனுங்களைக் கூண்டுல ஏத்தி உரிக்கிறா" என்றேன். கத்திரிக்கோலைக் கீழே வைத்துவிட்டார். "அவங்களுக்குப் பயமா இருக்காதா பாட்டி?" என்றார். "பயம் அவனுங்களுக்குத்தான்" என்றேன். அஞ்சாங்கிளாஸோடு நின்ற எனக்கு அந்த ஒரு வரியைச் சொல்லும்போது கிடைக்கிற உயரம் இருக்கிறதே, உனக்குத் தெரியாது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உட்கார்ந்து படி.

ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரில் ஒரு படம். உன் அம்மா படித்த விடுதிப் பள்ளியில் புதிதாக வாசிப்பு மண்டபம் கட்டித் திறந்திருக்கிறார்கள். வாசலுக்குப் பக்கத்தில் பளிங்குக் கல். கல்லில் அந்த விடுதி வார்டனின் பெயர். அதன் கீழே அவனே நிற்கிறான், கையில் பூங்கொத்து, வாய் நிறையக் கட்டின பல். பிள்ளைகள் அவனுக்கு வைத்திருந்த பெயர் சாவிக்கொத்து. யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்களே, அவன் மாடிப்படி ஏறினால் இடுப்புச் சாவியின் சத்தம்தான் முன்னால் வருமாம். நம் வீட்டுச் சாவிகளை ஏன் துணியில் சுற்றி வைத்திருக்கிறேன் என்று சின்ன வயதில் என்னை அரித்தெடுப்பாயே, இதற்காகத்தான்.

பன்னிரண்டு வயதில் உன் அம்மா என்னிடம் ஒரே தடவை சொன்னாள். அன்றைக்கே போய்ப் பள்ளிக்கூடத்தில் நின்று கத்தினேன். "பிள்ளை கற்பனை பண்ணுது, கூட்டிட்டுப் போங்கம்மா" என்று காவல்காரனை விட்டு என்னை வெளியே தள்ளிக் கேட்டைச் சாத்தினார்கள். கம்பி இடித்த தோள் மழை வந்தால் இன்றைக்கும் வலிக்கிறது.

அந்தப் பேப்பரை உன் அம்மா நாலாக மடித்து வைத்தாள். சாப்பிட உட்கார்ந்தோம். "அம்மா, நான் கேஸ் போடணும்" என்றாள். உப்பை எடு என்று கேட்கிற குரலில். இத்தனை வருஷம் வாய் திறக்காதவள்!

நீ எதற்காகச் சட்டம் படிக்கப் போனாய் என்பது நம் மூன்று பேருக்கும் தெரியும். யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. இனிமேல் சொல்லலாம். நீ எழுந்து நின்று அவனைக் கேள். நான் முன் பெஞ்சில் உட்கார்ந்து அவனுக்கு வேர்ப்பதைப் பார்க்க வேண்டும். அதற்கு முன் எமன் வந்தால்கூட, "அப்படி ஓரமா உக்காரு, வேலை இருக்கு" என்றுதான் சொல்வேன்.

உன் பாட்டி


மார்ச் 13

அன்புள்ள பாட்டிக்கு,

உங்கள் கடிதத்தை ஆபீசில் கதவைச் சாத்திக்கொண்டு படித்தேன். அம்மாவிடம் போனில் பேசினேன். அம்மா அழவில்லை. நான்தான்.

பாட்டி, கோபப்படாமல் கடைசி வரைக்கும் படியுங்கள். அவனையும் பள்ளியையும் எதிர்த்துச் சிவில் கேஸ் போடலாம், ஆனால் இந்தக் கேஸை நான் நடத்த முடியாது. பெற்ற தாய்க்கு மகளே வக்கீலாக நின்றால் எதிர்த் தரப்புக்கு வேறு ஒன்றும் வேண்டாம். மகள் சொல்லிக் கொடுத்தாள், தாய் ஒப்பிக்கிறாள் என்பார்கள். நாம் ஜெயித்தாலும் அதையே காட்டி மேல்கோர்ட்டில் உடைப்பார்கள். அவன் தப்பித்துப் போய் இன்னொரு கல் வைத்துக்கொள்வான்.

வேறு ஆபீசுக்கு அனுப்புகிறேன் என்றேன். அம்மா கேட்கவில்லை. "உன் ஆபீஸ்ல ஒரே ஆள்கிட்ட, ஒரே தடவை சொன்னாப் போதும்னு சொல்லுவியே. நான் வேற எங்கேயும் போய் நாலு பேர்கிட்ட நாலு தடவை சொல்லமாட்டேன்" என்றார். உண்மைதான், அது எங்கள் ஆபீசில் வழக்கம். வருகிறவர் கதவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்காருவார். எப்போது வேண்டுமானாலும் எழுந்து போகலாம். ஒருமுறை கேட்டுவிட்டதை யாரும் அவரை மறுபடி சொல்லச் சொல்வதில்லை.

அதனால் என் ஜூனியர் நடத்துவாள். அவளுக்குச் சந்தேகம் வந்தால் கேட்க, வெளியிலிருந்து ஒரு மூத்த வக்கீலை ஏற்பாடு செய்துவிட்டேன். எனக்கும் கேஸுக்கும் நடுவில் ஒரு சுவர். காகிதங்கள் தனி அலமாரியில் இருக்கும், சாவி அவளிடம் மட்டும். நான் கேட்கக் கூடாது, அவள் சொல்லக் கூடாது. நீங்களும் சாட்சி, பாட்டி. அன்றைக்குப் பள்ளியில் போய்ப் புகார் சொன்னவர் நீங்கள். ஆகவே இதைப் பற்றி எனக்கு ஒரு வரிகூட எழுதாதீர்கள்.

முழங்காலுக்கு மாத்திரையைப் பிரியுங்கள்.

உங்கள் பேத்தி


ஏப்ரல் 2

மேன்மை தங்கிய வக்கீல் அவர்களுக்கு,

உங்கள் ஜூனியர் வந்து போனாள். நூல் மாதிரி ஒரு பெண். குரலோ கீச்சுக் கீச்சென்று. வாசலில் நின்று தண்ணீர் கேட்டது என் காதிலேயே விழவில்லை, வாயசைவைப் பார்த்துத்தான் கொடுத்தேன். இந்தக் கீச்சா அவனை உரிக்கப் போகிறது? வெங்காயம் உரிக்கச் சொன்னாலே அழுதுவிடும். உன் அம்மாவின் அறையில் இருந்துவிட்டு வெளியே வந்தவள் நேராகக் குளியலறைக்குப் போய் வாந்தி எடுத்தாள். நான்தான் முதுகைத் தடவிவிட்டேன். வக்கீலுக்கு!

ஊரான் பிள்ளைகளுக்கெல்லாம் ஓடி ஓடி வழக்காடினாய். ஒவ்வொரு கேஸும் முடியும்போது எனக்கு எழுதுவாய், பாட்டி, இன்னொருத்தனை இறக்கினேன் என்று. நான் அதைத் தையல்காரருக்கும் மருந்துக்கடைக்காரருக்கும் சொல்லிச் சொல்லி வாய் தேய்ந்தேன். உன் சொந்தத் தாய்க்கு என்று வரும்போது மட்டும் சுவரா? தாய்க்கு நடந்ததை மகள் கேட்கக் கூடாது என்று எந்த மகராசன் எழுதினான் அந்தச் சட்டத்தை? அவனுக்குத் தாய் இல்லையா?

நீ சுவர் கட்டு. நான் அதன்மேல் ஏறி நின்று சொல்கிறேன். உன் அம்மா அன்றைக்கு என்னிடம் சொன்னதை ஒன்று விடாமல் அடுத்த பக்கத்தில் எழுதியிருக்கிறேன். படி. படித்த பிறகும் நீ எழுந்து நிற்கவில்லை என்றால் உன் உடம்பில் ஓடுவது என் ரத்தமில்லை.

பாட்டி


ஏப்ரல் 11

அன்புள்ள பாட்டிக்கு,

அடுத்த பக்கத்தை நான் படிக்கவில்லை. "உன் அம்மா சொன்னாள்" என்ற இடத்தில் கண்ணை எடுத்துவிட்டேன். ஜூனியரின் முன்னால் அதை உறையில் போட்டு ஒட்டி அவளிடமே கொடுத்துவிட்டேன். இனி அப்படி எழுதினால் உறையைப் பிரிக்காமலே திருப்பி அனுப்புவேன்.

வாந்தி எடுத்ததைப் பற்றி. நானும் முதல் வருஷம் எடுத்திருக்கிறேன். என் சீனியர் அப்போது, "இதுக்கே இப்படின்னா வேற வேலை பாரும்மா" என்றார். அதனால்தான் என் ஆபீசில், ஒருவர் தனக்கு நடந்ததைச் சொல்லக் கேட்டுவிட்டு வரும் ஜூனியரை அன்றைக்குத் தனியாக வீட்டுக்கு விடுவதில்லை. யாராவது ஒருவர் கூட நடந்து போய், எதிரே உட்கார்ந்து சாப்பிட வைத்துவிட்டு வருவோம். இத்தனை வருஷமாக அது என் வேலை. இவளுக்கு மட்டும் என்னால் போக முடியவில்லை. ஒரு சொல் தவறி விழுந்தாலும் சுவர் இடிந்துவிடும். அவள் உங்கள் வீட்டிலிருந்து திரும்பிய அன்று வாசலில் அவள் நிழலைப் பார்த்ததும் பின்கதவு வழியாக நான் வெளியே போய்விட்டேன். டைப்பிஸ்ட் அக்காதான் கூடப் போனார்.

நீங்கள் முதுகைத் தடவியதற்கு நன்றி, பாட்டி. அது நான் செய்ய வேண்டியது.

உங்கள் பேத்தி


ஏப்ரல் 20

நான் எழுதியது திருப்பி அனுப்பத் தகுந்த குப்பை என்று தெரிந்துகொண்டேன். அஞ்சாங்கிளாஸ் கையெழுத்தால் இனி உன் சுவருக்கு ஆபத்து வராது.

உன் அம்மாவைப் பெற்றவள்


ஜூன் 30

அன்புள்ள பாட்டிக்கு,

நீங்கள் போனையும் எடுப்பதில்லை. அடுத்த மாதம் விசாரணை. இதில் கேஸைப் பற்றி ஒன்றும் இல்லை, என்னைப் பற்றி மட்டும்தான் எழுதுகிறேன். பயப்படாமல் படிக்கலாம்.

உங்கள் ரத்தம் என் உடம்பில் ஓடவில்லை என்றீர்கள். கேளுங்கள். சாமி கும்பிடும்போதெல்லாம் நான் என்ன வேண்டிக்கொள்வேன் தெரியுமா? அவன் நன்றாக இருக்க வேண்டும் என்று. அவனுக்குச் சர்க்கரை வரக் கூடாது, நெஞ்சு வலி வரக் கூடாது, ஞாபகம் தப்பக் கூடாது. நான் அவனைக் கூண்டில் பார்க்கிற நாள் வரைக்கும் அவன் திடமாக இருக்க வேண்டும். என் பெற்றோருக்குக்கூட இவ்வளவு உருக்கமாக வேண்டிக்கொண்டதில்லை. அவனுக்கு இருதய ஆபரேஷன் ஆனதாக ஒருநாள் கேள்விப்பட்டேன். பிழைத்துவிட்டான் என்று தெரிகிறவரை எனக்குத் தண்ணீர் இறங்கவில்லை. அப்படி ஓர் ஆசை பார்த்திருக்கிறீர்களா?

குளிக்கும்போது, பஸ்ஸில், சிக்னலில் நிற்கும்போது அவனிடம் கேட்க வேண்டிய கேள்விகளைக் கோத்துக்கொண்டே இருந்தேன். முதல் கேள்விக்கு அவன் சிரிப்பான். மூன்றாவதுக்கு வக்கீலைத் திரும்பிப் பார்ப்பான். கடைசியில் அவன் என் முகத்தை உற்றுப் பார்த்து, அதில் அம்மாவின் சாயலைக் கண்டுபிடிக்க வேண்டும். அந்த ஒரு நொடிக்காகத்தான் இந்தக் கறுப்புக் கோட்டைப் போட்டேன் பாட்டி. மற்ற கேஸெல்லாம் அதற்கு எடுத்த பழக்கம் மாதிரி.

அந்த நொடியைத்தான் தூக்கி ஒரு கீச்சுக்குரல் பெண்ணிடம் கொடுத்திருக்கிறேன். கைவிட்டதனால் அல்ல. நான் தொட்டால் அவன் தப்பித்துவிடுவான் என்பதனால்.

நான் உள்ளே வர மாட்டேன். வராந்தாவில் இருப்பேன். நீங்கள் பேசாவிட்டாலும் பரவாயில்லை.

உங்கள் பேத்தி


ஆகஸ்ட் 9

கண்ணு,

எல்லோருடைய சாட்சியும் முடிந்துவிட்டது, இனிமேல் எழுதலாம் என்று கீச்சு சொன்னாள். அவளிடம் கேட்டுக்கொண்டுதான் பேனாவை எடுத்திருக்கிறேன், நம்பாவிட்டால் அவளையே கேள்.

என்னை முன்னாலேயே கூப்பிட்டுச் சாட்சி வாங்கிவிட்டார்கள், அது பிறகு. முதலில் உன் அம்மாவைச் சொல்கிறேன். நடுவில் திரை போடட்டுமா, அவர் உங்களைப் பார்க்காதபடி, என்று கேட்டார்கள். "வேண்டாம், அவர் பாக்கட்டும்" என்றாள். பேசினாள். நடுவில் ஒரே ஒரு தடவை தண்ணீர் கேட்டாள். அவள் என்ன பேசினாள் என்று நான் எழுதப் போவதில்லை. அவன் முகத்தைப் பார்ப்பதற்காக அவ்வளவு தூரம் போன நான் அவனை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. என் பெண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவளுக்குப் பிறகு அதே விடுதியில் வேறு வேறு வருஷங்களில் இருந்த இன்னும் இரண்டு பெண்கள் பேசினார்கள். ஒருத்தியை ஒருத்தி முன்பின் பார்த்ததில்லை. ஆனால் மூன்று பேரும் அதே சாவிச் சத்தத்தைச் சொன்னார்கள்.

இனி என் முறைக்கு வருகிறேன். அந்தக் கேட்டுக் கதையைச் சொன்னேன். அவனுடைய வக்கீல் எழுந்தான், எண்ணெய் தடவிய மாதிரி ஒரு சிரிப்பு. "பாட்டிம்மா, உங்க பேத்தி பெரிய வக்கீலாச்சே. இப்படியிப்படிச் சொல்லணும்னு வீட்ல உக்காந்து சொல்லிக் குடுத்திருப்பாங்க, இல்லியா?"

எனக்கு வந்ததே ஆத்திரம்! அவன்மேல் அல்ல, உன்மேல். "அவளா? அவ பேச்சையே எடுக்காதீங்க! பெத்த தாய்க்கு நடந்ததைப் பக்கம் பக்கமா எழுதி அனுப்பினேன். படிக்கமாட்டேன்னு ஒட்டி வச்சிட்டா. பின்கதவு வழியா ஓடறா! இந்த நாலு மாசமா நான் அவகூடப் பேச்சுவார்த்தை இல்ல. அவகிட்ட நான் என்னத்தக் கத்துக்க?" என்று போட்ட போட்டில் நீதிபதியே கையால் வாயை மூடிக்கொண்டார். எண்ணெய்ச் சிரிப்பு வடிந்துவிட்டது. அவன் உட்கார்ந்த பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்பது எனக்கே உறைத்தது. கீச்சு தலையைக் குனிந்துகொண்டு ஏதோ எழுதினாள். அவள் தோள் குலுங்கியது.

மறுநாள் அவன். கம்பும் கையுமாக வந்தான், கிழவனாம். கீச்சு எழுந்து கும்பிடு போட்டாள். "ஐயா" என்றாள். எனக்கு அவள் கழுத்தை நெரிக்கலாம் போல இருந்தது.

"ஐயா, நீங்க இருந்த காலத்துல அந்த விடுதியில இருந்த ஒழுங்கு அதுக்கப்புறம் இல்லவே இல்லைன்னு மண்டபத் திறப்பு விழாவுல பேசினாங்களாமே?"

நிமிர்ந்து உட்கார்ந்தான். "இப்ப இருக்கறவனுங்களுக்கு என்ன தெரியும்? ஒரு ஈ, எறும்பு எனக்குத் தெரியாம நுழையாது."

"கீழ்த்தளத்தைச் சொல்றீங்க. பொம்பளப் பிள்ளைங்க இருந்த மேல்மாடியை ஆயாம்மா பாத்துக்கிட்டாங்க, இல்லையா ஐயா?"

"ஆயாவா? அவளுக்கு அவ மூக்குக்கண்ணாடி எங்க இருக்குன்னே தெரியாது! மேலயும் கீழயும் அத்தனை பூட்டுக்கும் சாவி இங்க இருந்துச்சு, இங்க!" என்று இடுப்பில் தட்டினான்.

சத்தியமாகச் சொல்கிறேன், அவன் வெறும் இடுப்பைத்தான் தட்டினான். ஆனால் பின்னால் உட்கார்ந்திருந்த அந்த இரண்டு பெண்களும் சட்டென்று ஒருத்தி கையை ஒருத்தி பிடித்துக்கொண்டார்கள்.

கீச்சு ஒரு காகிதத்தை எடுத்தாள். அவன் சத்தியம் செய்து கோர்ட்டுக்குக் கொடுத்தது. "'மேல்மாடிச் சாவி ஒருபோதும் என் வசம் இருந்ததில்லை. நான் அங்கே ஏறியதே இல்லை.' இது நீங்க போட்ட கையெழுத்துதானே ஐயா?" என்றாள். குரலை உயர்த்தவே இல்லை. அந்தக் கீச்சுக்குரலுக்கு என்ன கூர்மை என்று அப்போதுதான் தெரிந்தது, ஊசி மாதிரி. தவளை தன் வாயால் கெட்டது. அவன் முதலில் தன் வக்கீலைப் பார்த்தான். வக்கீல் மேஜையைப் பார்த்தான். வேர்த்தது அவனுக்கு. கட்டின பல் வாய்க்குள் கடகடவென்று ஆடியது. வயிறு நிறையப் பார்த்தேன். போதவில்லை, இன்னும் பார்க்கத் தோன்றியது.

வெளியே வந்தேன். வராந்தா பெஞ்சில் நீ. மடியில் ஒன்றும் இல்லாமல், இரண்டு கையையும் கட்டிக்கொண்டு, ஆபரேஷன் அறைக்கு வெளியே உட்கார்ந்திருக்கிறவள் மாதிரி. அவனும் பின்னாலேயே வந்துகொண்டிருந்தான். நின்று உன் தலையைத் தொட்டிருந்தால் நான் அழுதிருப்பேன். நான் அழுவதை அவன் பார்க்கக் கூடாது. அதனால்தான் விறுவிறுவென்று உன்னைத் தாண்டிப் போனேன். வேறு காரணமில்லை.

உன் கடிதம் தலையணை உறைக்குள் இருக்கிறது. அவன் ஆயுசுக்கு வேண்டிக்கொண்டாயாமே! நான் சாகச் சொல்லி வேண்டிக்கொண்டேன். நல்லவேளை, சாமி படித்தவள் பேச்சைக் கேட்டது.

உன் பாட்டி


அக்டோபர் 17

அன்புள்ள பாட்டிக்கு,

பள்ளி நிர்வாகமும் அவனும் சமரசத்துக்கு இறங்கி வந்துவிட்டார்கள், அம்மா கேட்ட நிபந்தனைகளுக்குக் கையெழுத்தும் ஆகிவிட்டது. இப்போதுதான் எனக்கே தெரியும். ஜூனியர் என் அறைக்கு வந்து, துணியில் சுற்றியிருந்த அலமாரிச் சாவியை மேஜைமேல் வைத்தாள். "இனிமே திறக்கலாம் மேடம்" என்றாள். துணியில் சுற்றச் சொன்னது யார் என்று கேட்டேன். "உங்க அம்மா எதிர்ல இருக்கும்போது சத்தம் வரக் கூடாதுன்னு நானாத்தான்" என்றாள். அன்றைக்கு அவள் கூட நடந்து போனேன், எதிரே உட்கார்ந்து சாப்பிட வைத்தேன். இரண்டு பேரும் கேஸைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பின்னறையைக் காலி செய்து அவளுக்குக் கொடுத்துவிட்டேன். அடுத்து வருகிற ஜூனியருக்கு அவள்தான் சீனியர்.

அலமாரியைத் திறப்பதற்கு முன் அம்மாவைக் கேட்டேன். "படிக்காதே. எனக்கு வக்கீல் இருக்கா. நீ மகளா இரு" என்றார். பூட்டியே வைத்துவிட்டேன். உங்கள் பக்கமும் உள்ளேதான் இருக்கிறது.

என் கேள்விகள் மட்டும் அப்படியே மிச்சம் இருக்கின்றன பாட்டி, ஒன்றுகூடச் செலவாகாமல். ஆறிவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். நேற்று ஒரு நீச்சல் பயிற்சியாளரைப் பற்றி ஓர் அம்மாவும் பெண்ணும் வந்தார்கள். அந்த ஆளுக்கும் ஊரில் நல்ல பெயராம். கதவுக்குப் பக்கத்து நாற்காலியைக் காட்டினேன். கேள்விகள் வீணாகாது.

மழைக்கால விடுமுறையில் வருகிறேன்.

உங்கள் பேத்தி


நவம்பர் 5

என் வக்கீலம்மாவுக்கு,

கல்லை எடுத்தாயிற்று.

பள்ளிக்கூடத்தார் விடுமுறை நாளில் எடுத்துவிடுகிறோம் என்று கெஞ்சினார்கள். உன் அம்மா முடியாது என்றுவிட்டாள். வெளியே சொல்லக் கூடாது என்று சமரசப் பத்திரத்தில் அவர்கள் எழுதியிருந்த வரியை அவள் கையாலேயே அடித்தாள் என்று கீச்சு சொன்னாள். பிள்ளைகள் பார்க்க, பகலில், அவனும் வந்து நிற்க, என்பதுதான் அவள் கேட்டது. நின்றான், வெயிலில். அவனுக்கென்று யாரோ ஒரு நாற்காலி கொண்டுவந்தார்கள். கீச்சு அதை வாங்கி என் பக்கம் போட்டு, "உக்காருங்க பாட்டி, முழங்கால் வலிக்கும்" என்றாள். உட்கார்ந்தேன். காலும் நீட்டிக்கொண்டேன்.

அதே கேட்டு வழியாகத்தான் உள்ளே போனேன். காவல்காரன் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றான். தோள் வலிக்கவில்லை என்று எழுத ஆசைதான். வலித்தது.

கொத்தனார் உளியை வைத்தார். "குடுங்க" என்று உன் அம்மா சுத்தியலை வாங்கினாள். அவர் என்னைப் பார்த்தார். "குடுப்பா, அவ வேலை அது" என்றேன். முதல் அடியில் ஒன்றும் ஆகவில்லை. அடுத்த அடியில் பெயர் இரண்டாகப் பிளந்தது. பிள்ளைகள் எக்கி எக்கிப் பார்த்தார்கள். ஒரு சின்னப் பெண் மட்டும், "எதுக்கு ஆண்ட்டி உடைக்கிறீங்க?" என்று கேட்டாள். உன் அம்மா சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு, அந்தக் குழந்தை உயரத்துக்கு உட்கார்ந்து பதில் சொன்னாள். அவன் காதிலும் விழுகிற மாதிரி.

போலீசும் இப்போது உன் அம்மாவின் புகாரை எடுத்திருக்கிறார்கள். இரண்டு தடவை அவன் வீட்டுக்குப் போய் வந்துவிட்டார்களாம். நீ வேண்டிக்கொள்வதை நிறுத்தாதே. அவன் இன்னும் கொஞ்ச நாள் திடமாக இருக்க வேண்டும்.

உடைந்த பெரிய துண்டைக் கொத்தனாரிடம் கேட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டேன். "எதுக்கும்மா அது?" என்றாள் உன் அம்மா. எழுத்துக் கூட்டி வாசித்துக் காட்டினேன். பாதிப் பெயர் அதில் இருக்கிறது. அஞ்சாங்கிளாஸ் படிப்பு அந்த அளவுக்குப் போதுமாக இருந்தது. அவள் சிரித்தாள் கண்ணு. சத்தம் போட்டு. பக்கத்து வீட்டில் எட்டிப் பார்த்தார்கள்.

சாவிகள் இன்னும் துணியில்தான் இருக்கின்றன. அதை அவிழ்க்கச் சொல்லி நான் கேட்கவில்லை, அவளும் அவிழ்க்கவில்லை. அந்தப் பாவத்துக்கு அவன் இன்னும் பதில் சொல்லவில்லை.

விடுமுறைக்கு வரும்போது கீச்சையும் கூட்டிக்கொண்டு வா. மழை பிடித்துவிட்டது, தெருவெல்லாம் சேறு. கல்லை நம் வாசற்படிக்குக் கீழே எழுத்து மேலே தெரியப் பதித்திருக்கிறேன். இரண்டு பேரும் காலை நன்றாகத் தேய்த்துவிட்டு உள்ளே வாருங்கள்.

உன் பாட்டி